கேஜ் கண்ணாடியில் வைத்த சந்தனம்

அண்ணா,

இந்தத் தாள்களை யாருக்கும் காட்டிவிடாதே. உன் அறையில் கூடத் தங்கியிருப்பவர்கள் கண்ணில் படக் கூடாது. உறையைக் கொண்டுவந்து தரும் உன் நண்பன் எதிரிலும் பிரிக்காதே. அவன் ஊருக்குத் திரும்பி வந்து வாய்தவறி ஒரு வார்த்தை சொன்னாலும் போதும். உறைக்குள் இரண்டு கடிதங்கள் இருக்கும். கோடு போட்ட முழுத்தாளில் இருப்பது அப்பாவுடையது. அவருக்கு இன்னும் கை நடுங்குகிறது, விரலில் பேனா நிற்பதில்லை. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுத்து என்னுடையது என்றாலும் சொல் எல்லாம் அவருடையது. அதை முதலில் படி. ரெக்கார்டு நோட்டிலிருந்து கிழித்த இந்தத் தாள்கள் என்னுடையவை. இப்படி ஒன்று இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. முன்னறையில் அப்பா இருமுவது நின்று அரை மணி நேரமாகிறது. நாளைக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, உள்ளறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நீ சென்னை ரயிலில் ஏறிப் போன பிறகு எங்கள் போனை எடுக்கவே இல்லை. நேற்று உன் நண்பன் வந்தபோதுதான் உனக்கு விசா வந்துவிட்டது என்றும் அடுத்த வாரம் விமானம் என்றும் தெரிந்தது. என்ன வேலை என்று அப்பா கேட்டார். அவன் முதலில் மழுப்பினான். பிறகு கப்பல் டேங்குகளுக்குள் இறங்கிக் கழுவுகிற வேலை என்றான். "ஃபயர் அண்ட் சேஃப்டி படிச்சவன் எதுக்குல கழுவுத வேலைக்குப் போறான்?" என்று அப்பா கேட்டதற்கு அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "இனிமே சேஃப்டின்னு எழுதின சட்டையப் போட எனக்கு யோக்கியதை இல்லன்னு சொல்லுதான், மாமா" என்றான். நேற்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. இன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "முழுத்தாள் இருக்கா? எழுதுட்டி" என்றார்.

அந்தக் கடிதம் எப்படி எழுதப்பட்டது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். அப்பா கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, "அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது, இங்கன எல்லாரும் நலம்னு போட்டுக்கோ" என்றார். அம்மா அடுப்படியிலிருந்தே, "நாலு வார்த்தைக்கு ஒருக்க மூச்சு வாங்குது, இது எந்த ஊரு நலம்?" என்றாள். "லெட்டர் நான் எழுதுதேனா, நீ எழுதுதியா?" என்று அப்பா கேட்டார். "எழுதுதது அவ. நீங்க வாயத்தான் அசைக்கிய" என்றாள் அம்மா. நீ போனதிலிருந்து அப்பா சிரித்து நான் பார்க்கவில்லை, அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தார். உடனே இருமல் வந்துவிட்டது. அம்மா ஓடிவந்து, கோயிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண்ணைக் குழைத்து அவர் நெஞ்சில் தடவினாள். டாக்டர் கொடுத்த இன்ஹேலரும் புற்றுமண் கிண்ணமும் இப்போது ஒரே ஸ்டூலில்தான் இருக்கின்றன.

பிறகு அவர் சொன்னதெல்லாம் நீ படித்திருப்பாய். நீ டிப்ளமோ முதல் வருஷம் படிக்கும்போது லீவுக்கு வந்தாயே, வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் பார்க்க அப்பாவோடு போனாயே, அந்தக் கதையை அவர் அரை மணி நேரம் சொன்னார். எனக்கு அது தெரியாது. வருஷக்கணக்காக மூடிக் கிடந்த கிணறு என்றும், நீ விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்த்த பிறகுதான் இறங்கலாம் என்று அப்பாவை விடாமல், அவர் இறங்க வேண்டிய கயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாய் என்றும், தோட்டக்காரர் முன்னால் அப்பா உன்னை ஏசினார் என்றும் சொன்னார். இருபது அடி இறங்கும்போது விளக்கு அணைந்துவிட்டதாம். "காத்துல அணைஞ்சிருச்சுன்னு நான் எல்லார்ட்டயும் சொன்னேன். கிணத்துக்குள்ள எங்கயிருந்து காத்து? அன்னைக்கு என் உயிரக் காப்பாத்தினது அவன்தான். அத இன்னைக்கு வரைக்கும் அவன்ட்ட நான் சொல்லல. இத அப்படியே எழுது" என்றார். எழுதினேன். கண்ணீர் விழுந்து ஓரிடத்தில் மை கலங்கியிருக்கும். அது அப்பாவுடைய கண்ணீர் இல்லை, என்னுடையது.

அதற்கடுத்த பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. "நீ காற்றுப் பையின் கேஜ் முள்ளைப் பார்க்காமலே கார்டில் பச்சை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். எல்லாருக்கும் ஒரு தரம் கை தவறும். நான் அதை மன்னித்துவிட்டேன். நீயும் உன்னை மன்னித்துக்கொள்." அப்பா அதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் என் கையாலேயே, நல்ல எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். எழுதி முடித்ததும் "திருப்பி வாசி" என்றார். வாசித்தேன். குரல் மாறியதை அவர் கவனித்தாரோ என்னவோ, "அழாதட்டி, அவன் வந்துருவான்" என்றார். அப்போதுதான் இன்று ராத்திரி இதை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். நீ செய்யாத தப்புக்கு அப்பா உன்னை மன்னிக்கிறார். அந்த மன்னிப்பை உனக்கு எழுதி அனுப்புகிறவள் அந்தத் தப்பைச் செய்தவள்.

அந்தக் காற்றுப் பை வாங்கியது உனக்கு நினைவிருக்கும். அப்பா வேலை பார்க்கும் சாயப்பட்டறையிலேயே சேஃப்டி வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முதலாளி அண்ணாச்சி பின்னாலேயே அலைந்தாய். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்குகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டாய், கடைசியில் ஒன்றே ஒன்று வந்தது. ஸ்டோரில் வைக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். என் புத்தகப் பையைவிடக் கொஞ்சம் பெரிய ஆரஞ்சு நிறப் பை, உள்ளே ஒரு சின்ன சிலிண்டர், முன்பக்கம் கண்ணாடி வைத்த மஞ்சள் தலையுறை, வெளியே, உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்ட ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கேஜ். காற்று முழுதாக இருந்ததால் அதில் முள் பச்சையில் நின்றது. மூடியை இழுத்தால் காற்று தானாகவே தலையுறைக்குள் வரத் தொடங்கும் என்றும், பத்து நிமிஷம் வரும் என்றும், ஒரு தடவை தொடங்கினால் சாதாரணமாக நிறுத்த முடியாது என்றும் சொன்னாய். அப்பாவோடு பட்டறையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு மாடசாமி மாமா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, வீட்டுக்காரி சண்டைக்கு வரும்போது இத மாட்டிக்கிட்டு வெளிய ஓடிரலாமா?" என்று கேட்டார். அப்பா, "பத்து நிமிஷக் காத்த வச்சு என்னல பண்ண? இவன் ஒரு பீடி குடிச்சு முடிக்கவே பத்து நிமிஷம் ஆவும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "இது உள்ள போறதுக்கு இல்லப்பா. உள்ள இருக்கவன் வெளிய வாறதுக்கு. ரெண்டையும் மாத்திப்புடக் கூடாது" என்றாய். பிறகு அம்மாவின் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் குனிந்து நடந்து காட்டினாய். என்னையும் நடக்கவைத்தாய். பையைத் தொட மட்டும் விடவில்லை. "தொடாத. இது விளையாட்டுச் சாமான் இல்ல" என்றாய்.

நான் அதை மறக்கவில்லை, அண்ணா. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. ஆயுதபூசைக்கு முந்திய நாள் சாயங்காலம் பட்டறையில் எல்லாரும் கழுவி மெழுகிக்கொண்டிருந்தார்கள். எல்லா வருஷமும் போலச் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் என் கையில் கொடுத்து, ஸ்பேனர் முதல் தராசு வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார்கள். வெளியே ரேடியோ செட்காரர் சாமி பாட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டிருந்தார். ஸ்டோரில் நான் மட்டும்தான் இருந்தேன். கண்ணாடி அலமாரியைப் பூசைக்காக நீதான் திறந்துவைத்திருந்தாய். அந்த மஞ்சள் உறைக்குள் மூச்சு விட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு உடனே மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிளாஸ்டிக் சீல் பட்டென்று அறுந்தது. மூடியைத் திறந்ததும் சீறலோடு காற்று வரத் தொடங்கியது. தலையில் மாட்டிக்கொண்டேன். ரப்பர் வாசனை அடித்தது, முகத்தில் குளிர்ச்சியாகப் பட்டது. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் நிறுத்த முடியாது என்று நீ சொன்னது உறைத்தது. மூடியோடு பிடுங்கி வந்த பின்னைத் திரும்பக் குத்திப் பார்த்தேன், மூடியை அழுத்திப் பார்த்தேன். நிற்கவில்லை. மூலையில் கிடந்த கழிவுப் பஞ்சு மூட்டைக்குள் பையைத் திணித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். வெளியே பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் இருக்கும் இடைவெளியில் அந்தச் சீறல் கேட்டுவிடுமோ என்று உயிர் போயிற்று. உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். நீ இருபது அடி தள்ளி வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தாய்.

சீறல் நின்ற பிறகு பார்த்தேன். முள் சிவப்பின் அடியில் கிடந்தது. தலையுறையை மடித்து உள்ளே வைத்து மூடினேன். சீல் அறுந்த இடத்தில் பூசைக்கு வைத்திருந்த மஞ்சள் நூலைச் சுற்றிக் கட்டினேன். கேஜ் கண்ணாடியின் மேல் சந்தனத்தைக் கட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்கிறவர்களுக்குப் பக்தியாகத் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. அந்த யோசனை எனக்கு எப்படி வந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை. முழுப் பரீட்சையில் ஒரு கணக்குக்கு விடை தெரியாமல் அழுகிறவள் நான். அதை மட்டும் அவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்கிறேன்.

பூசை முடிந்த மறுநாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது ஸ்டோரில் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துகிறது. நீ மாதாமாதம் பையைச் சோதித்து எழுதுகிற கார்டை எடுத்து வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்றாய். என்னைப் பார்த்ததும், "ஏட்டி, கேஜ் கண்ணாடியிலயா பொட்டு வைப்பாவ? முள்ளு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். இடம் பார்க்காமல் வைத்துவிட்டேன் என்றேன். நீ பஞ்சை எடுத்தாய். சாப்பிட உட்கார்ந்த அப்பா, "பூசையில வச்சதத் தொடைக்காதல. அடுத்த பூசை வரைக்கும் கெடக்கட்டும்" என்றார். "மாசாமாசம் முள்ளப் பாத்து எழுதணும்ப்பா" என்றாய். "போன மாசம் பச்சையிலதான இருந்துச்சு? பூட்டி வச்ச சாமான். அது தானா எங்க போவும்? ஆத்தாளுக்கு வச்ச பொட்ட அழிச்சிட்டு ஆள தொட்டிக்குள்ள எறக்கப் போறியோ?" என்று அப்பா சத்தம் போட்டார். உன் கை பாதியில் நின்றது. நீ என் பக்கம் திரும்பி, "பையத் தொட்டியாட்டி?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாய். "இல்லண்ணே" என்றேன். நீ என்னை நம்பினாய். பஞ்சைக் கீழே போட்டுவிட்டுக் கார்டில் எழுதினாய். அடுத்த மாதமும் எழுதினாய். அதற்கடுத்த மாதமும் எழுதினாய்.

நம் ஊரில் யாரும் பூசைப் பொட்டைத் துடைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். பஸ் கண்ணாடியில் வைத்தது, தறியில் வைத்தது, தையல் மிஷினில் வைத்தது எல்லாம் தானாக உதிர்ந்தால்தான் உண்டு. அதை நம்பித்தான் வைத்தேன். ஆனாலும் நீ துடைத்துவிடுவாய் என்று ஒரு பக்கம் நினைத்திருந்தேன். துடைத்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன், நாலு அடி வாங்கியிருப்பேன், நீ சிலிண்டரைக் கொண்டுபோய்க் காற்று நிரப்பி வந்திருப்பாய். அவ்வளவோடு முடிந்திருக்கும்.

பொங்கல் கழிந்து நடந்ததை நீ நேரில் பார்க்கவில்லை. தொட்டிக்குள் நல்ல காற்றை ஊதுகிற புளோயரை ரிப்பேர் பார்க்க ராஜபாளையம் போயிருந்தாய். அது வரும்வரை தொட்டியில் யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். மாடசாமி மாமா பம்பின் அடியில் அடைத்திருந்த துணியை எடுத்துவிட்டு ஒரு நிமிஷத்தில் ஏறிவிடுகிறேன் என்று இறங்கியிருக்கிறார். ஏறவில்லை. மேலிருந்து கூப்பிட்டால் பதில் இல்லை. அப்பா ஓடிப்போய் அலமாரியைத் திறந்து பையை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இன்று கடிதத்தில் அதைப் பற்றியும் எழுதச் சொன்னார்: "அது வெளியே வருவதற்கான பை என்று நீ சொன்னதை நான் கேட்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அது என் தப்பு." ஆனால் எழுதாத ஒன்றை என்னிடம் வாயால் சொன்னார். "இழுத்தேன், சத்தம் வரல. இப்ப வந்துரும், இப்ப வந்துரும்னு நாலு படி எறங்கிட்டேன். அவன் முகம் கீழ தெரிஞ்சுது. பொறவு ஒண்ணும் தெரியல." மற்றவர்கள் சாயம் காயப்போடும் இடத்துப் பெரிய ஃபேனைக் கொண்டுவந்து தொட்டி வாயில் வைத்து, கொக்கிக் கயிறு போட்டு, இரண்டு பேரையும் இழுத்திருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷக் காற்று இருந்திருந்தால் என்ன ஆகிறது என்று புரிந்துகொண்டு அப்பாவால் திரும்பி ஏறவாவது முடிந்திருக்கும். அதைத்தான் நான் கழிவுப் பஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டு செலவழித்தேன்.

மாடசாமி மாமா இப்போது நடமாடுகிறார். பேச்சு மட்டும் மெதுவாக வருகிறது. போன வாரம் அம்மா கொடுத்த குழம்பைக் கொண்டுபோனேன். என் பெயரைச் சொல்லக் கொஞ்ச நேரம் யோசித்தார். அத்தை பக்கத்தில் நின்று, "சொல்லுங்க, யாரு வந்திருக்கா, சொல்லுங்க" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். பெயர் வந்ததும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "அண்ணன் எங்க? என் மாப்ள எங்க?" என்று கேட்டார். நான் பாத்திரத்தைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேஜைத் துடைத்துப் பார்த்தாராம், கார்டைப் பார்த்தாராம். முதலாளி அண்ணாச்சி திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கே வந்து, அப்பா படுத்திருந்த வார்டு வாசலில் வைத்து உன்னைக் கேட்டார். "படிச்சவன்தானல நீ? அந்தப் பொட்ட ஏம்ல தொடைக்கல?" நான் உன் பக்கத்தில்தான் நின்றேன், வெந்நீர் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு. அப்பா துடைக்க வேண்டாம் என்றார் என்று நீ சொல்வாய் என எதிர்பார்த்தேன். நீ கதவு வழியாக உள்ளே பார்த்தாய். அப்பா மூக்கில் குழாயோடு கண் மூடிக் கிடந்தார். "எம் தப்புதான் அண்ணாச்சி" என்றாய். அதோடு வேலை போயிற்று. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் நீ அதைச் சொல்லவில்லை. அவர் உன்னிடம் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்களிலும் சொல்லவில்லை. பொட்டைத் துடைக்காதே என்று தான் சொன்னதை அப்பா மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். தொட்டியில் விழுந்ததற்கு முந்திய சில விஷயங்கள் அவருக்குக் குழம்புகின்றன. நீ மறக்கவில்லை. நீ அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானோ என்னைக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும்.

சொல்ல நினைத்த நாட்கள் உண்டு. நீ பெட்டி அடுக்கிய அன்று உன் சட்டைகளை மடித்துக் கொடுத்தபடி வாயைத் திறந்தேன். "என்னட்டி?" என்றாய். "அங்கன குளிருமா?" என்று கேட்டேன். "மெட்ராஸ்ல எங்கட்டி குளிரு?" என்று தலையில் தட்டினாய். ஸ்டேஷனில் ரயில் வரும்வரை இருந்த நேரமும் அப்படித்தான் போயிற்று. எனக்குப் பயம், அண்ணா. அடிக்குப் பயம் இல்லை. அப்பா என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயம். அம்மா இனிமேல் என் கையில் எந்தச் சாமானையும் நம்பித் தர மாட்டாள் என்று பயம். மாமா வீட்டு அத்தைக்குத் தெரிந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயம். ஒவ்வொரு முறை தெருவில் நாய் குரைக்கும்போதும் தாளைப் பாவாடைக்குள் மறைத்துக்கொள்கிறேன்.

அப்பா உனக்கு நிறையப் புத்தி சொல்லியிருக்கிறார். டேங்குக்குள் போகும் முன்னால் மேலே நிற்கிறவன் யார் என்று பார், கயிறு யார் கையில் இருக்கிறது என்று பார், அவசரம் என்று யார் சொன்னாலும் அந்த ஆளை முதலில் இறங்கச் சொல் என்றெல்லாம். அவர் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. எனக்கு உனக்குப் புத்தி சொல்லும் வயதும் இல்லை, தகுதியும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் மேல் தப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்த வேலைக்குப் போகாதே. நீ அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு போகிறாய் என்று உன் நண்பன் சொன்னதிலிருந்தே எனக்குப் புரிகிறது. அப்படிப் போகிறவன் ஒரு நாள் கேஜைப் பார்க்க மாட்டான். எது நடந்தால் எனக்கென்ன என்று இறங்கிவிடுவான். கார்டில் பார்க்காமல் எழுதியது மட்டும்தான் உன்னுடையது. அதையும் நீ என்னை நம்பி எழுதினாய். போவதென்றால் நீ படித்த வேலைக்குப் போ. மற்றவர்களை இறங்கவிடாமல் தடுத்து நிறுத்துகிற ஆளாகப் போ. இல்லையென்றால் திரும்பி வந்துவிடு.

உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது போதாது என்று தெரிகிறது. நீ இதைப் படித்தாலும் எனக்காக வாயை மூடிக்கொள்வாய். அப்பாவுக்குச் செய்ததையே எனக்கும் செய்வாய். பிறகு அப்பா சாகும்வரை உன்னை மன்னித்த அப்பாவாகவே இருப்பார். அதனால் நானே அவரிடம் சொல்ல வேண்டும். காலையில் அவர் வெந்நீர் குடிக்கும் நேரத்தில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அம்மா பூ வாங்க வாசலுக்குப் போயிருப்பாள். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. "அப்பா, அந்தப் பொட்டு" என்று

கதவைத் தட்டுகிறார்கள். இருமல் கேட்கிறது. அப்பாதான். சுவரைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்.

"ஏட்டி, லைட்டு எரியுதே, முழிச்சிருக்கியா? அந்த லெட்டர ஒட்டிட்டியா? ஒட்டலன்னா கதவத் தொற. அந்தப் பொட்டு விசயத்துல ஒண்ணு நான் சொல்லாம விட்டுட்டேன். அது இல்லாம அவனுக்கு அனுப்பக் கூடாது."

அவருக்கு ஞாபகம் இருக்கிறது அண்ணா, அவருக்கு எல்லாம்